கடலுக்குள் ஒரு கைக்கடிகாரம்

புதுக்கோட்டை.

சிரஞ்சீவி மருமகனுக்கு,

2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அரசாங்கம் பிரகடனம் செய்த நாள்முதல், அப்பிராணி மேயும் கடற்புல் படுகைகளை மணமேல்குடிக் கடலில் இறங்கி நேரிற் காணவேண்டும் என்று நீ கொண்டிருந்த அபிலாஷை, ஸ்கூபா பயிற்சியில் சேரும் அளவுக்கு முற்றிவிட்டது என்றறிந்து சந்தோஷமடைந்தேன். கைக்கடிகாரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்; ஜாக்கிரதையைப் பற்றி உன் தாயார் போதுமான அளவு சொல்லியிருப்பாள்.

முகப்பில் பொறித்த மீட்டர் கணக்கைக் கண்டு மயங்காதே. 30 மீட்டர் என்றிருந்தால் அத்தனை ஆழத்துக்கு உன்னோடு வரும் என்பதன்று. கை கழுவும்போதும் மழையில் நனையும்போதும் தாங்கும் என்பதே நடைமுறையில் அதன் அர்த்தம். ஐ.எஸ்.ஓ. 6425 என்னும் சர்வதேச நியமத்துக்கு உட்பட்டு, ‘டைவர்ஸ் 200 மீ’ என்று பொறிக்கப்பட்டதைத் தேடு. எழுதிய ஆழத்தினும் கால்பங்கு கூடுதலான அழுத்தத்தில் சோதிக்கப்படுவது அது. ஹீலியம் வால்வு என்று கடைக்காரர் ஆரம்பித்தால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடு. அது ஹீலியம் கலந்த காற்றறையில் நாட்கணக்கில் வசித்து ஆழ்கடலில் வேலை செய்பவர்களுக்கு உரியது. நம் விரிகுடாவின் பெரும்பகுதி ஏழெட்டுப் பாக ஆழத்துக்கு மேற்படாது.

உண்மையில் நீ விலை கொடுப்பது முகப்பைச் சுற்றியுள்ள வளையத்துக்குத்தான். 1953-ல் பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களுக்காக, ஐம்பது பாக ஆழத்தையே பெயராகச் சூட்டி பிளாங்பெயின் நிறுவனம் செய்த கடிகாரத்திலும் சுழலும் வளையம் உண்டு. நீரில் இறங்குமுன் வளையத்தின் முக்கோணக் குறியை நிமிஷ முள்ளின் நுனிக்கு நேரே திருப்பி வைத்தால், பின்பு முள் நகர நகர, கழிந்த நிமிஷங்களை வளையத்தின் எண்களே சொல்லிவரும். இக்காலத்து வளையமோ இடப்புறமாக மட்டுமே ‘கடக் கடக்’கென்று திரும்புமாதலால், படகின் விளிம்பில் உரசி இரண்டு பல் நகர்ந்துவிட்டாலும், கழிந்த நேரத்தைக் கூட்டிக் காட்டி உன்னைச் சற்று முன்னதாக மேலேற்றுமேயன்றி, குறைத்துக் காட்டி அடியில் தங்கவைக்காது. பிழை நேர்ந்தாலும் அது உயிரைக் காக்கும் பக்கமாகவே நேரட்டும் என்று யோசித்த புத்தியை எவ்வளவு மெச்சினாலும் தகும். கடையிலேயே கையை நனைத்துக்கொண்டு அவ்வளையத்தைத் திருப்பிப் பார்; வழுக்கினால் வேண்டாம்.

ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் இருக்க இது எதற்கு என்று உன் ஆசிரியர் கேட்கலாம், நியாயமான கேள்வி. ஒன்றுக்குத்தான் பணம் உண்டென்றால் கம்ப்யூட்டரையே வாங்கு. ஆனால் அதன் திரை நடுக்கடலில் அணைந்துபோனால், நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் ஏறுவதற்கும், 5 மீட்டரில் மூன்று நிமிஷம் தரித்து வருவதற்கும் மணிக்கட்டில் ஓடும் முள்ளே துணை.

சிவப்பு முள் அழகாயிருக்கிறதென்று எடுத்துவிடாதே. நீருக்குள் முதலில் மங்கும் வர்ணம் சிவப்பே. தோல்வார் உப்புநீரில் உளுத்துப்போகும். ரப்பரோ நைலானோ போதும். சாவிக்குமிழ் திருகி மூடும் வகையாக இருக்கட்டும், நீருக்குள் அதைத் தொடாதே. கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசு. பாட்டரி மாற்ற நேர்ந்தால் கீழ ராஜ வீதியில் நின்றபடி ஐந்து நிமிஷத்தில் மாற்றித் தருவார்கள்; ஆனால் உள்ளே நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையத்தைப் புதுப்பித்து அழுத்தச் சோதனையும் செய்து தருபவரிடமே கொடு.

மற்றவை நேரில்.

உன் மாமன்