நடவுக்கு இடிக்காத நாட்டுக்கோழி வளர்ப்பு

ஒரத்தநாட்டுப் பக்கம் பெண்களுக்கு வயல் வேலை ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை. குறுவைக்கு ஆனி, ஆடியிலும் சம்பாவுக்குப் புரட்டாசியை ஒட்டியும் நடவு, பின்னாலேயே களை, தை பிறந்தால் அறுவடை. நடவு இயந்திரம் இறங்கிய ஊர்களில் அந்த நாட்களும் சுருங்கிவிட்டன. வீட்டோடு இருந்து செய்ய நாட்டுக்கோழி வளர்ப்பு ஏற்றது. கருக்காய், குருணை, தவிடு எல்லாம் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கும்.

தொடங்கும் முன் நேரக் கணக்குப் பார்க்க வேண்டும். ஐந்து பெட்டை, ஒரு சேவலுக்குக் காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி போதும். சாயங்காலம்தான் சிக்கல். கோழி அடைகிற நேரத்தில்தான் உலை வைக்கவும் வேண்டும், பிள்ளைகளைப் படிக்க உட்கார வைக்கவும் வேண்டும். ஆகவே கோழிகளை எண்ணிக் கூண்டை அடைக்கும் பொறுப்பைக் கணவரோ வளர்ந்த மகனோ ஏற்பதென்று, கோழி வாங்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். பழைய வேலையில் ஒன்றும் குறையாமல் புதிதாக ஒன்றைப் பெண்ணின் தலையில் ஏற்றுவது அநியாயம்.

அடுத்தது அடை வைக்கும் மாதம். முட்டை பொரிய 21 நாள். குஞ்சுக்கு அதிகக் கவனம் தேவைப்படுவது முதல் மூன்று வாரம். அறுவடை ஓய்ந்த மாசி முதல் வாரத்தில் அடை வைத்தால் பங்குனிக்குள் இந்த வேலை தீரும். ஆடியில் கோயில் விசேஷங்களுக்கு விற்கலாம். சித்திரையில் வைப்பது தீபாவளிக்கு ஆகும். புரட்டாசியில் பலர் கறி தொடமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் குஞ்சுகள் தங்குவது கடினம்.

குஞ்சுகளைப் பருந்து, கீரியிடமிருந்து காக்கப் பஞ்சாரம் போதும். இரைக்குச் செலவில்லாத வழியும் உண்டு. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால், காலையில் உள்ளே கரையான் ஏறியிருக்கும். பானையைத் தட்டியதும் குஞ்சுகள் மொய்த்துக்கொள்ளும்.

எதைத் தள்ளிப்போட்டாலும் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. வெள்ளைக்கழிச்சல் நுழைந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகும், வந்தபின் மருந்தில்லை. முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, நான்காவது வாரத்தில் மறுபடி சொட்டு, எட்டாவது வாரத்தில் ஊசி. ஊசிக்கு ஒரு வாரம் முன் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். மருந்தை ஐஸில் வைத்தே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஐயம் இருந்தால் ஒரத்தநாட்டிலேயே 2012 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்கலாம்.

விற்ற பணம் அந்தப் பெண்ணின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் சேர வேண்டும். தீவனம், மருந்து, விற்பனை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தால், மகளிர் குழுவில் கடன் கேட்கும்போது அந்த நோட்டைக் காட்டலாம். அடுத்த மாசிக்கு எத்தனை பெட்டையை அடை வைப்பது என்பதையும் அதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.