மருதம் பாலையாகும் நிலம்: தென் ஈராக்கின் சதுப்புகள்

மருதத்திணைக்குரிய விலங்குகள் யாவை என்று வினவினால், அகப்பொருள் இலக்கணம் பயின்ற மாணவர் எருமையும் நீர்நாயும் எனத் தயங்காது விடையிறுப்பர். இவ்விரண்டும் ஒருங்கே வாழும் நிலமொன்று நம் நாட்டிற்கு வெகுதொலைவில், ஈராக்கின் தென்பகுதியில் இருக்கின்றது. டைக்ரிஸ் என உலகம் வழங்கும் திஜ்லாவும், யூப்ரடீஸ் என வழங்கும் ஃபுராத்தும் கடலை அடையுமுன் பரந்து தேங்கி உருவாக்கிய நன்னீர்ச் சதுப்புகளே அவை. அரபியர் அவற்றை 'அஹ்வார்' என்பர். நம் காவிரியில் நீந்தும் நீர்நாயும் அங்குள்ள நீர்நாயும் ஒரே இனத்தவை. அங்கு வாழ்வது அதன் கிளையினம். 1950-களில் அப்பகுதியில் பயணம் செய்த காவின் மாக்ஸ்வெல் என்னும் எழுத்தாளர் கொண்டுவந்த நீர்நாய்க் குட்டியால் அக்கிளையினம் அறிவியலுக்குத் தெரியவந்தது; அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது.

எருமையின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. சிந்து நாட்டு ஸுத் மக்களை அவர்தம் எருமைகளோடு ஹஜ்ஜாஜ் இப்னு யூசுப் கொணர்ந்து கீழை ஈராக்கில் குடியேற்றினார் என வரலாற்றாசிரியர் பலாதுரி எழுதுகின்றார். சதுப்பு மக்களின் வாழ்வு இன்றளவும் எருமையையே சார்ந்தது. நாணல் வெட்டித் தீவனமிடுவதும், பாலின் ஆடையைத் திரட்டிக் 'கைமர்' எனும் பெயரால் சந்தைக்கு அனுப்புவதும், 'மஷ்ஹூஃப்' என்னும் ஒடுங்கிய படகில் மீன்பிடிப்பதும் அவர்தம் தொழில். நாணற் கற்றைகளை வில்லாக வளைத்து, ஓர் ஆணியும் அடிக்காமல் அவர்கள் எழுப்பும் 'முதீஃப்' என்னும் விருந்தினர் மண்டபத்தை ஒத்த வடிவம், ஐயாயிரம் ஆண்டுப் பழமையுடைய சுமேரியர் சிற்பத்திலேயே காணப்படுகின்றது. விருந்தோம்பலுக்கென ஊர்தோறும் தனிக் கட்டடம் வைத்திருந்த மக்கள் என்பதைத் தமிழ் மாணவர் சிறப்பாகக் கருதுதல் வேண்டும்.

இச்சதுப்பின் பரப்பு என்றும் ஒரே அளவில் இருந்ததன்று. ஹிஜ்ரி 6 அல்லது 7-ஆம் ஆண்டில், பாரசீகப் பேரரசன் பர்வேஸின் காலத்தில், இரு நதிகளும் பெருவெள்ளமாய்ப் பெருகிக் கரைகளை உடைத்தமையால் வயல்கள் மூழ்கிச் சதுப்பு விரிந்தது என்று அதே பலாதுரி குறிக்கின்றார். நீர் ஏறுவதும் இறங்குவதும் அந்நிலத்தின் இயல்பு. ஆகவே ஓராண்டு வறட்சியைக் கண்டு 'சதுப்பு அழிந்தது' என்று கூக்குரலிடுதல் ஆய்வாளர்க்கு அழகன்று. அண்மைக் காலத்து வறட்சி அவ்வியல்பான ஏற்ற இறக்கத்தின் பாற்பட்டதா, வேறொன்றா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினா.

1970-களின் தொடக்கத்தில் இச்சதுப்புகள் ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடந்தன. 1991-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் தோற்றவர்கள் நாணற்காடுகளுள் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை வெளியேற்றக் கருதிய சதாம் உசேன் அரசு, அணைகரைகள் எழுப்பியும் கால்வாய்கள் வெட்டியும் நீரைத் திருப்பிவிட்டது. 'மூன்றாவது நதி' எனப்பட்ட 565 கிலோமீட்டர் நீளமுள்ள வடிகால் 1992 டிசம்பரில் நிறைவெய்தியது. பத்தே ஆண்டுகளில் சதுப்பின் 90 விழுக்காட்டிற்கு மேல் வறண்டு உப்புப் பூத்த வெளியாயிற்று. இரண்டரை இலட்சம் என மதிப்பிடப்பட்ட மக்களுள் பெரும்பாலோர் ஊரைவிட்டு அகன்றனர். ஒரு மக்கட் கூட்டத்தை ஒறுப்பதற்காக அவர்தம் நிலத்தையே வறளச் செய்த கொடுமை அண்மைக்கால வரலாற்றில் அரிது.

2003-இல் அவ்வரசு வீழ்ந்ததும் மக்களே மண்வெட்டியுடன் சென்று கரைகளை உடைத்தனர். நீர் பாய்ந்தது. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளுள் பழைய பரப்பில் ஏறத்தாழப் பாதி மீண்டும் ஈரமாயிற்று, நாணல் தழைத்தது, உலகில் வேறெங்கும் அரிதாகவே கூடுகட்டும் பஸ்ரா நாணற் கதிர்க்குருவி திரும்பிவந்தது. 2016-இல் யுனெஸ்கோ நிறுவனம் சதுப்புகளையும், அவற்றின் அருகிலுள்ள ஊர், உருக், எரிது ஆகிய தொல்நகரங்களையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மனிதன் கெடுத்ததை மனிதனே திருத்தலாம் என்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறுவோர் அந்நாளில் மிகப் பலர்.

அக்கூற்றில் உண்மை உண்டு, ஆயினும் முழுமையில்லை. 2008, 2009 ஆண்டுகளிலும், 2015, 2018-லும் நீர் மீண்டும் வற்றியது. 2018 கோடையில் கடலின் உவர்நீர் ஷத்துல் அரபில் ஏறி வந்தது. பஸ்ரா நகரில் மாசுற்ற குடிநீரால் ஓரிலட்சத்திற்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளை நாடினர். அன்னை ராபிஆ (ரஹ்) அவர்களும் இமாம் ஹஸனுல் பஸரீ (ரஹ்) அவர்களும் வாழ்ந்த ஊர், ஒரு மிடறு நன்னீருக்குத் தவித்தது. 2020 முதல் 2023 வரை நீடித்த வறட்சி இவை அனைத்தினும் கடியது. 2023 சூலையில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் அறிவித்தபடி, சதுப்பின் நடுவூராகிய சிபாயிஷில் ஃபுராத்தின் ஆழம் 56 சென்டிமீட்டர். சதுப்புகளில் நீரின் ஆழம் முழங்காலைக்கூட எட்டவில்லை. லிட்டருக்கு 6 கிராமுக்கு மேல் உப்பு. அந்நீரைக் குடித்த எருமைகள் நோயுற்றன, பால் வற்றியது.

இவ்வறட்சிக்குக் காரணம் வானமா, மனிதனா?

நம் தஞ்சை, நாகை மாவட்டத்து மாணவர்க்குத் தலைமடை, கடைமடை என்னும் சொற்களை விளக்க வேண்டுவதில்லை. மேட்டூரில் கதவு திறந்தும் தம் வாய்க்காலுக்கு நீர் வாராத ஆண்டுகளை அவர்தம் பெற்றோர் அறிவர். சதுப்பு என்பது இருபெரு நதிகளின் கடைமடை. தலைமடை துருக்கியில், இடைமடை சிரியாவிலும் ஈராக்கின் வடபகுதியிலும், ஹவீஸா என்னும் கிழக்குச் சதுப்பிற்கு நீரூட்டும் கர்க்கே ஆறு ஈரானில். 1990 சனவரியில் அத்தாதுர்க் அணையை நிரப்பத் தொடங்கியபோது ஃபுராத்தின் ஓட்டம் ஒரு மாதம் தடைப்பட்டது. அவ்வணை கொள்ளும் நீர் ஏறத்தாழ 4,870 கோடி கன மீட்டர். அந்நதி இயல்பாக ஓராண்டில் கொணரும் நீரோ 3,000 கோடி கன மீட்டர் அளவினது. ஒன்றரை ஆண்டு ஆற்றை ஒரே அணை விழுங்க வல்லது என்க. 2019-இல் திஜ்லாவின் குறுக்கே இலிசு அணையும் நிரம்பத் தொடங்கியது.

அணை நீரின் அளவைக் குறைப்பதோடு நில்லாது, அது வரும் பருவத்தையும் மாற்றிவிடுகின்றது. தாரஸ், சாக்ரோஸ் மலைகளின் பனி உருகி இளவேனிலில் வெள்ளமாய் வந்து, சதுப்பில் ஓராண்டாய்ச் சேர்ந்த உப்பை அலசிக் கடலில் சேர்ப்பதே பண்டைய ஒழுங்கு. அவ்வெள்ளம் அணையில் அடங்கியபின், ஆண்டு முழுதும் மெலிந்த ஓட்டமே வருகின்றது. நீர் ஆவியாகின்றது, உப்பு தங்குகின்றது. ஈராக்கும் இதில் குற்றமற்றதன்று. வயலில் நீரைத் தேக்கிப் பாய்ச்சும் பழைய முறையால் பெருமளவு நீர் வீணாவதும், கழிவுநீர் ஆற்றிலேயே கலப்பதும் அந்நாட்டு அறிஞரே சுட்டும் குறைகள்.

இதனோடு வெம்மை சேர்கின்றது. பஸ்ராவில் 2016 சூலையில் வெப்பம் 53 பாகையைக் கடந்தது. 2020-2023 வறட்சியை ஆராய்ந்த பன்னாட்டு அறிவியலார் குழுவொன்று 2023 நவம்பரில் வெளியிட்ட முடிவு ஊன்றி நோக்கத்தக்கது. புவி 1.2 பாகை வெப்பம் ஏறாதிருந்த காலத்தில் இருநதிப் படுகையில் இத்தகைய வறட்சி 250 ஆண்டுகட்கு ஒருமுறை வரக்கூடியது. இன்றோ பத்தாண்டுகட்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்கது. மழை குறைந்ததற்குப் புவிவெப்பமே காரணம் என அவர்கள் அறுதியிடவில்லை. பெய்த மழையையும் வெம்மிய காற்று மண்ணிலிருந்தும் நீர்நிலையிலிருந்தும் உறிஞ்சிவிடுகின்றது என்பதே அவர்தம் கண்டுபிடிப்பின் சாரம். எனவே, முன்போல மழை பெய்தாலும் முன்போல நீர் நில்லாது.

குறிஞ்சியும் முல்லையும் வேனிலால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவு கொள்வதைச் சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை பேசுகின்றது. பாலைக்குத் தனிநிலம் இல்லை. அது பிற நிலம் அடையும் நிலை. மருதம் பாலையாதலை நம் முன்னோர் இலக்கணமாக வகுக்கவில்லை. ஆறு பாயும் நிலம் அங்ஙனம் திரியும் என அவர்கள் எண்ணியிரார் போலும்.

1990-களின் கேட்டிற்கும் இன்றைய கேட்டிற்கும் உள்ள வேறுபாடு இங்குத்தான் புலனாகின்றது. அன்று வெட்டுதற்கு ஒரு கரை இருந்தது. வெட்டினர், நீர் வந்தது. இன்று மண்வெட்டி கொண்டு செல்வோர் எக்கரையை வெட்டுவர்? அணை அயல்நாட்டில், வெம்மையோ உலகனைத்திற்கும் பொது.

மதீனாவின் மஹ்ஸூர், முதைனிப் என்னும் வெள்ளக்கால்களைப் பற்றிய வழக்கில், மேட்டு நிலத்தார் கணுக்கால் அளவிற்கு நீரை நிறுத்திக்கொண்டு, பின் தாழ்நிலத்தார்க்கு விடுதல் வேண்டும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா பதிவுசெய்துள்ளது. தலைமடையின் உரிமையை இத்தீர்ப்பு மறுக்கவில்லை. அவ்வுரிமைக்கு எல்லை வகுக்கின்றது. துருக்கி, சிரியா, ஈராக், ஈரான் ஆகிய நான்கும் முஸ்லிம்கள் பெரும்பான்மையராய் வாழும் நாடுகள். இத்தீர்ப்பை அறியாதார் அங்கு இலர். 1987-இல் துருக்கி நொடிக்கு 500 கன மீட்டருக்குக் குறையாமல் சிரிய எல்லையில் விட இசைந்தது. துருக்கியும் ஈராக்கும் நீர் குறித்துப் பத்தாண்டுக்குரிய உடன்பாடொன்றில் ஒப்பமிட்டதோ 2024 ஏப்ரலில்தான். அணைக்குள் கணுக்கால் எது என்று அளந்து கூறும் நடுவர் இன்னும் அமையவில்லை.

வெம்மையைப் பொறுத்தவரை நாமும் வழக்கிற்கு வெளியே நிற்க இயலாது. ஹவீஸாச் சதுப்பின் ஓரத்தில் மஜ்னூன் என்னும் பேரெண்ணெய் வயல் உள்ளது. அத்தகைய வயல்களின் எண்ணெய் எரிந்தே உலகம் வெம்மையுறுகின்றது. அவ்வெண்ணெயின் வளத்தால் செழித்த வளைகுடா நாடுகளின் ஊதியத்தில்தான் நம் ஊர்ப் பள்ளிவாசல்கள் புதுக்கப்பட்டன. நம் பிள்ளைகள் பலர் கல்லூரி வாயிலை மிதித்தனர். இதனைக் கூறுவது எவரையும் இகழ்தற்கன்று. சிபாயிஷின் எருமை வளர்ப்போனுக்கும் நமக்கும் உள்ள கணக்கில் இதுவும் ஒரு வரி.

2003-க்குப் பின் நீர் திரும்பிய இடங்களை ஆராய்ந்தோர் ஒன்றைக் கண்டனர். நாணலின் வேர்த்தண்டும் விதையும் வறண்ட மண்ணுள் ஆண்டுகள் பல காத்திருந்து, நன்னீர் பட்டவுடன் முளைத்தன. ஆனால் உப்பு தடித்துப் படிந்த பகுதிகளில் நீர் நிறைந்தும் நாணல் தழைக்கவில்லை. வெற்று நீர்ப்பரப்பாகவே கிடந்தது. எனவே எத்துணை நீர் திரும்பும் என்பதோடு, அது எத்துணை விரைவில் திரும்பும் என்பதும் முதன்மையானது. எருமை மேய்ப்போர் காத்திருக்கவில்லை. எஞ்சிய மந்தையை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு அவர்களுள் பலர் ஆற்றோரமாக வடக்கே, நீர் இன்னும் ஓடும் ஊர்களை நாடிச் சென்றுவிட்டனர்.