பிளாஸ்டிக்கில் பதியும் மரை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தர்மபுரி மாவட்டத்தில் பிளாஸ்டிக்கும் பித்தளையும் சேராத வீடு இன்று அரிது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் 2013 முதல் ஊர்களுக்கு வருகிறது. அதை வீட்டுக்குள் இழுக்கும் பிளாஸ்டிக் பைப்பும் பித்தளை வால்வும் சந்திக்கும் இடத்தில் 'பித்தளை எம்டிஏ' (வெளிமரை அடாப்டர்) இருக்கிறது. 2004 வரை இம்மாவட்டத்தோடு இருந்த ஓசூரின் வாகனத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் இளைஞர்களுக்கு, பிளாஸ்டிக் பாகத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் நன்றாகவே தெரியும். இரண்டும் ஒரே இனம்: ஒரு முனை பிளாஸ்டிக்குள் புதைந்திருக்க, மறுமுனை மரையோடு வெளியே நிற்கும் உலோக இன்செர்ட். இதைப் பற்றிப் பட்டறைகளில் உலவும் தவறான எண்ணங்களால் நல்ல பாகங்கள் வீணாகின்றன.

நம்பிக்கை 1: எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு உறுதி.

உண்மை: நட்டை இறுக்கும்போது ஸ்டட் மேல்நோக்கி இழுபடுகிறது. மேலே பொருத்தும் தகட்டின் ஓட்டை இன்செர்ட்டின் காலரைவிடப் பெரிதாக இருந்தால், தகடு பிளாஸ்டிக்கின் மேல் உட்காரும். அப்போது நட்டின் ஒவ்வொரு சுற்றும் இன்செர்ட்டைப் பிடுங்கும் வேலையைத்தான் செய்கிறது. ஓட்டை மரை நுழையும் அளவோடு இருந்தால் தகடு காலரின் மேல் உட்காரும். இறுக்கம் முழுவதும் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவிலேயே முடிந்துவிடும். காலர் பிளாஸ்டிக் மட்டத்துக்குச் சமமாகவோ மயிரிழை உயரமாகவோ இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். இழுவை பலமாக வரும் இடமென்றால், பின்பக்கத்திலிருந்து செருகும் தலை வைத்த ஸ்டட்டே நல்லது. இழுக்க இழுக்க அதன் தலை பிளாஸ்டிக்கில் இன்னும் நன்றாக அமரும்.

அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மாதக்கணக்கில் மெல்ல இடம் கொடுக்கும். இன்று இறுகிய நட்டு நாளை தளர்வது அதனால்தான். திரும்பத் திரும்ப இறுக்குவது அதற்கு மருந்தல்ல.

நம்பிக்கை 2: புதையும் பகுதி நீளமாக இருந்தால் போதும்.

உண்மை: நீளம் கூடினால் இன்செர்ட் பிடுங்கிக்கொண்டு வருவது குறையும். அது சுற்றாமல் நிற்பதற்கு விட்டம்தான் முக்கியம். உடலில் நேராக ஓடும் நர்லிங் வரிகள் சுழற்சியைத் தடுக்கும். குறுக்கே வெட்டிய பள்ளங்கள் இழுவையைத் தடுக்கும். பழைய பித்தளை எம்டிஏ ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். நர்லிங்குக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் பிளாஸ்டிக் வளையம் போலப் புகுந்து உறைந்திருக்கும். அந்த வளையம்தான் பிடிமானம்.

கெட்டுப்போன பாகமும் காரணத்தைச் சொல்லும். ஓட்டையின் சுவரில் வட்டமாகச் சுரண்டிய தடம் இருந்தால் இன்செர்ட் சுற்றியிருக்கிறது. சுவர் மேல்நோக்கி வழித்தெடுத்தது போலிருந்தால் இழுவையில் வந்திருக்கிறது. சுற்றுச்சுவர் நெடுக்காகப் பிளந்திருந்தால், சுவர் மெலிதாக இருந்திருக்கலாம், ஓட்டை சிறிதாக இருந்திருக்கலாம்.

நம்பிக்கை 3: ஓட்டை சின்னதாக இருந்தால் கெட்டியாகப் பிடிக்கும்.

உண்மை: சூடாக்கிச் செருகும்போது உருகிய பிளாஸ்டிக் நர்லிங்குக்குள் பாய்ந்தது போக மீதி எங்காவது போயாக வேண்டும். ஓட்டை சிறிதாக இருந்தால் அது மேலே பிதுங்கி, காலரைச் சரியாக உட்காரவிடாது. தயாரிப்பாளர் தரும் ஓட்டை அளவைத்தான் பின்பற்ற வேண்டும். ஆழம் இன்செர்ட்டைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். சுற்றியுள்ள பாஸின் (ஓட்டையைச் சூழ்ந்த பிளாஸ்டிக் மேட்டின்) வெளிவிட்டம் இன்செர்ட்டின் விட்டத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருப்பது பட்டறைக் கணக்கு. செருகியதும் பிளாஸ்டிக் உறையும்வரை அழுத்தியே பிடிக்காவிட்டால் இன்செர்ட் மேலே எழும்பிவிடும்.

மோல்டிலேயே வைத்து வார்ப்பதாக இருந்தால், மரைக்கும் நர்லிங்குக்கும் நடுவே மரையில்லாத, அளவு பிசகாத ஒரு கழுத்தை விட வேண்டும். மோல்டு அந்தக் கழுத்தைக் கவ்விப் பிடித்தால்தான் பிளாஸ்டிக் மரைமேல் வழியாது.

நம்பிக்கை 4: எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றுதான்.

உண்மை: ஏபிஎஸ், நைலான், பாலிபுரொப்பிலீன் போன்றவை சூட்டில் உருகும், அவற்றில் சூடு வைத்தோ அல்ட்ராசோனிக் முறையிலோ செருகலாம். குக்கர் கைப்பிடியில் இருக்கும் பேக்கலைட் ஒருமுறை உறைந்தால் மறுபடி உருகாது. அதில் வார்க்கும்போதே வைக்க வேண்டும், அல்லது அதற்கென்று உள்ள இன்செர்ட்டைப் பயன்படுத்த வேண்டும். பாலிகார்பனேட் உள்ளே தங்கிய அழுத்தத்தால் நாள் கழித்து விரிசல் விடக்கூடியது. சூட்டில் ஏபிஎஸ் பித்தளையைவிடச் சுமார் 4 மடங்கு விரியும். ஆறும்போது அதே கணக்கில் சுருங்கி இன்செர்ட்டை நெரிக்கும். மோல்டில் வைக்குமுன் இன்செர்ட்டைச் சூடாக்கிக்கொண்டால் இந்த நெரிசல் குறையும்.

நம்பிக்கை 5: பித்தளை என்றால் எங்கும் போடலாம்.

உண்மை: பித்தளை இன்செர்ட் செய்யும் ஜாம்நகர் பட்டறைகள் பித்தளையை விரும்புவது கடைவதற்குச் சுலபம் என்பதால். நட்டின் முழு இழுவையையும் தாங்கும் ஸ்டட்டுக்குப் பல இடங்களில் எஃகுதான் பொருத்தம். குடிநீரில் இன்னொரு கேள்வியும் உண்டு. எளிதில் கடையும் பித்தளையில் சுமார் 3 சதவீதம் ஈயம் கலந்திருக்கும். குடிநீர் படும் பரப்பில் ஈயம் சராசரியாக 0.25 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று அமெரிக்கா 2014 முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஃபுளோரைடு கலந்த தண்ணீரால் பல்லும் எலும்பும் கெட்டு அவதிப்பட்ட மாவட்டம் இது. நல்ல தண்ணீர் வரும் வழியில் ஈயம் குறைந்த பித்தளையைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.

நம்பிக்கை 6: மரை ஏறிவிட்டால் பொருந்திவிட்டது, ஒழுகினால் டேப் சுற்றினால் சரியாகும்.

உண்மை: அரை அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் தர) மரையிலும் என்பிடி (அமெரிக்கத் தர) மரையிலும் அங்குலத்துக்கு 14 சுற்றுகள்தான். ஆனால் முன்னதன் கோணம் 55 பாகை, பின்னதன் கோணம் 60 பாகை. ஒன்றில் ஒன்று சில சுற்று ஏறும், பிறகு ஒழுகும். நம் ஊர்க் குழாய் வேலையில் வழக்கம் பிஎஸ்பி.

குழாயின் கூம்பு மரை 16-க்கு 1 என்ற கணக்கில் சரியும். உலோக வெளிமரையைப் பிளாஸ்டிக் உள்மரைக்குள் ஏற்றினால் அது ஆப்பு போல இறங்கிப் பிளாஸ்டிக்கைப் பிளக்கும். மேலே சுற்றும் டெஃப்ளான் டேப் அந்த ஆப்பை இன்னும் தடிமனாக்கும். பித்தளை எம்டிஏவின் பயனே இதுதான்: வால்வின் உலோக மரைக்கு எதிரே உலோக மரையைத் தருகிறது. அதன் பித்தளையில் அறுகோணம் இருந்தால் ஸ்பேனரை அங்கேதான் போட வேண்டும். பிளாஸ்டிக் உடலைப் பிடித்து முறுக்கினால் உள்ளே பிடிமானம் விட்டுப்போகும். சால்வென்ட்டால் பைப்பை ஒட்டுவதற்கு முன்பே மரையை இறுக்கிவிடுங்கள்.

இன்செர்ட்டுக்கு ஆர்டர் கொடுக்குமுன் ஐந்து விஷயங்களை வரைபடத்திலேயே எழுதுங்கள்: எந்தப் பிளாஸ்டிக், எந்த மரை, இழுவையா முறுக்கா, எவ்வளவு சூடு, மேலே உட்காரும் தகட்டின் ஓட்டை அளவு. கடைசியாகச் சொன்ன அளவைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பாகம் கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.