இணையதளத்து விவசாய யோசனைகளைச் சோதித்தறியும் விதம்

பயிருக்குப் பூச்சியோ நோயோ கண்டவுடன் கைப்பேசியில் பரிகாரம் தேடுவது இக்காலத்தில் நமது மிராசுதார்களிடையே வழக்கமாகிவிட்டது. தேடுவதில் குற்றமில்லை. கண்டதையெல்லாம் வயலில் பிரயோகிப்பதே நஷ்டத்திற்கு இடமாகிறது.

முதலாவது, யோசனை கூறுபவர் யார் என்று அறியவேண்டும். முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடியுமாயின் அது அரசாங்கத்தினுடையது. ‘ஏசி டாட் இன்’ என்று முடியுமாயின் கல்வி ஸ்தாபனத்தினுடையது. இவை தனி வியாபாரிகளுக்கு வழங்கப்படுவதில்லை. ஒரு மருந்தை மேலே புகழ்ந்து, அடியில் அதனையே விற்கும் தளத்தின் சொல்லை, சந்தையில் தரகன் கூறும் மாட்டின் வயதைப்போலக் கொள்ளலாம்.

அடுத்து, தேதியைப் பார்க்கவேண்டும். எண்டோசல்பான் மருந்தை 2011-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தடை செய்தது. அதற்கு முன் எழுதிய குறிப்புகள் அதனைச் சிபார்சு செய்திருப்பின், எழுதிய காலத்தில் அது முறையானதே, இன்று பின்பற்றத்தக்கதன்று. மக்காச்சோளப் படைப்புழு நம் நாட்டில் காணப்பட்டது 2018-இல்தான். அதற்கு முந்திய பக்கங்களில் அதற்குப் பரிகாரம் தேடுவது வீண்.

எந்தத் தேசத்து நிலத்திற்கு எழுதியது என்பதையும் கவனிக்கவேண்டும். கலிபோர்னியாவில் நீர் தேக்கிய வயலில் ஆகாய விமானத்திலிருந்து நெல் விதைக்கின்றனர். அவர்களுடைய விதையளவு நமக்கு எதற்கு?

நிற்க. தளம் நம்பத்தக்கதாயினும் படிப்பவர் தவறக்கூடும். மத்திய கால நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கூறும் பொது அளவு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150 கிலோ. ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். தழைச்சத்து என்றால் யூரியா என்று கொள்ளலாகாது. யூரியாவில் அச்சத்து நூற்றுக்கு 46 பங்கே. ஆகவே முழுவதையும் யூரியாவாகவே இடினும், ஏக்கருக்கு 45 கிலோ மூட்டை மூன்று போதும். அதனையும் தவணைகளாகப் பிரித்தே இடவேண்டும். எனது சரகத்தில் அனுபவமிக்க குடியானவர் ஒருவர் ஹெக்டேர் அளவை ஏக்கர் அளவென்று கொண்டு, ஏழு மூட்டை இட்டுவிட்டார். பயிர் கருகருவென்று தழைத்தது. பார்த்தவர்கள் மெச்சினர், நான் செல்லும்போது தூர்களில் புகையான் அடைந்திருந்தது. எஞ்சியதும் பால் பிடிக்குமுன் சாய்ந்தது. அவர் படித்த பக்கத்தில் பிழை ஒன்றுமில்லை.

கிராம அதிகாரிகள் இத்தகைய குறிப்புகளை ஊராருக்கு அனுப்புமுன் தேதியையும் அளவையும் ஒருமுறை பார்ப்பது நலம். சந்தேகமுள்ளோர் அப்பக்கத்தை வேளாண்மை விரிவாக்க மையத்திற்குக் கொணர்ந்து காட்டலாம். மூட்டை வாங்குமுன் வருதல் உத்தமம்.