கண்ணைக் கவனிக்கும் கடற்காகம்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கடற்கரையில் உள்ள சிற்றூர் செயின்ட் ஐவ்ஸ். கோடையில் சுற்றுலாப் பயணிகள் அங்கே துறைமுகத்து ஓரம் அமர்ந்து பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிடுவார்கள். சற்று அசந்தால் போதும். ஒரு பெரிய வெள்ளைப் பறவை பாய்ந்து, கையில் இருப்பதைப் பறித்துச் சென்றுவிடும். அதுதான் ஹெர்ரிங் கடற்காகம். 'திருட்டுப் பறவை' என்று பலரும் திட்டுகிறார்கள். அது சரியா?

தோற்றம்

வளர்ந்த பறவை ஏறக்குறைய 60 செண்டிமீட்டர் நீளம் இருக்கும். தலையும் வயிறும் வெள்ளை, முதுகு வெளிர் சாம்பல், இறக்கை நுனி கறுப்பு, கால்கள் இளஞ்சிவப்பு. குஞ்சாகப் பிறந்து இந்த நிறத்தை முழுமையாகப் பெற ஏறக்குறைய 4 ஆண்டுகள் ஆகும். அதுவரை உடலெங்கும் பழுப்புப் புள்ளிகள்தாம்.

மஞ்சள் அலகின் கீழ்ப்பகுதியில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காணலாம். குஞ்சு அதைக் கொத்தியதும் தாயோ தந்தையோ விழுங்கிய உணவைக் கக்கி ஊட்டும். இதை ஆராய்ந்த நிக்கோ டின்பெர்கன், விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உணவு

மீன், நண்டு, சிப்பி, புழு என எதையும் இது உண்ணும். சிப்பியை உயரத்திலிருந்து பாறைமேல் போட்டு உடைக்கும். புல்வெளியில் கால்களால் தட்டித் தட்டி, மண்புழுக்களை வெளியே வரவழைக்கும்.

ஒரு பரிசோதனை

மனிதர் பார்ப்பதைக் கடற்காகம் கவனிக்கிறதா? எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்ன்வாலின் கடலோர ஊர்களில் இதைச் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டனர். ஆய்வாளர் ஒருவர் வறுவல் பையைத் தம் முன்னே தரையில் வைத்தார். ஒருமுறை பறவையை உற்றுப் பார்த்தார். மறுமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தற்சார்பு மாறி: ஆய்வாளர் பார்க்கும் திசை
சார்பு மாறி: பறவை உணவை நெருங்க எடுத்த நேரம்
கட்டுப்படுத்தப்பட்ட மாறி: உணவின் வகை, அளவு

சோதிக்க முயன்ற 74 பறவைகளில் 27 மட்டுமே உணவை நெருங்கின. இரு சோதனைகளையும் முடித்தவை 19. உற்றுப் பார்த்தபோது அவை உணவை நெருங்கச் சராசரியாக 21 விநாடிகள் கூடுதலாக எடுத்துக்கொண்டன.

பார்த்தீர்களா? பெரும்பாலான பறவைகள் மனிதருக்கு அருகிலிருந்த உணவைத் தொடவே இல்லை. துணிந்து வரும் சில பறவைகளால் இனம் முழுவதற்கும் கெட்ட பெயர். ஆனால், எண்ணிக்கை குறைந்துவரும் இந்தப் பறவை 2009 முதல் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் உள்ளது. விரட்டி அடிக்கத் தேவையில்லை. அதை நேராகப் பார்த்தாலே தயங்கும்.

செய்து பாருங்கள்

நம் உணவங்காடிகளில் மைனாக்கள் தட்டைச் சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். உணவு போடாமல், தூரத்திலிருந்து 10 நிமிடம் கவனியுங்கள். ஆள் இருக்கும் மேசைக்கு எத்தனை முறை வந்தன? காலி மேசைக்கு எத்தனை முறை? அட்டவணையில் குறித்து, உங்கள் கருதுகோளை எழுதுங்கள்.