கணிப்பொறிக்குள் ஒரு பூட்டு

பாண்டியன் எக்ஸ்பிரஸில் மிஞ்சியிருக்கும் ஒரே படுக்கையை மாம்பலத்தில் ஒருவரும் மயிலாப்பூரில் ஒருவரும் ஒரே நொடியில் கேட்டால் யாருக்குக் கிடைக்கும்? இந்திய ரயில்வே கணிப்பொறி முன்பதிவை 1985-இல் புதுதில்லியில் சோதனையாகத் தொடங்கியது. அதற்கு முன் பேரேட்டைக் கையில் வைத்திருந்த எழுத்தரே பூட்டு! இன்று முந்தியவருக்காக அந்த ஒரு வரியைக் கணிப்பொறி பூட்டிவிடுகிறது, மற்றவர் காத்திருக்கிறார். பட்டியல் முழுவதையும் பூட்டினாலோ, ஊரே நிற்க வேண்டியதுதான்.

தியாகராய நகர்க் கடைகளில் நாம் காணும் பில் மென்பொருளுக்கும் இத்தகைய பூட்டு உண்டு. ஒருவர் பில்லைப் பாதியில் விட்டுக் காப்பி குடிக்கப் போனால், சில மென்பொருள்களில் பூட்டு திறக்காது. மை-எஸ்.க்யூ.எல். என்னும் தரவுத்தளம் வழக்கமாக 50 விநாடி காத்துவிட்டுப் பிழை காட்டும். உடனே கணிப்பொறியை அணைக்கலாகாது. பூட்டை வைத்திருப்பது எந்த வேலை என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒருவர் சரக்கிருப்பைப் பூட்டிக்கொண்டு கணக்குக்கும், மற்றவர் கணக்கைப் பூட்டிக்கொண்டு சரக்கிருப்புக்கும் காத்திருந்தால் இருவருமே நகர முடியாது. எல்லோரும் முதலில் சரக்கிருப்பு, பிறகு கணக்கு என்று ஒரே வரிசையில் போனால் இந்த முட்டுக்கட்டை வராது. வந்துவிட்டால் தரவுத்தளமே ஒருவரின் வேலையை ரத்து செய்து மற்றவரை விடுவிக்கும். ரத்தானவர் மறுபடி பில் போட வேண்டும், பாவம்!