செங்கற்பட்டுத் தரிசும் வறுமைக் கணக்கும்

ஒரு வகுப்பாரின் வறுமை குறைந்ததா, கூடிற்றா என்பதை அறிதற்கு அரசாங்கத்தார் நெடுங்காலம் மேற்கொண்ட அளவுகோல், அவர்கள் திங்கள்தோறும் செலவிடும் தொகையேயாம். திட்டக்குழுவினர் தெண்டுல்கர் முறைப்படி கணித்தவாறு, இந்தியக் கிராமங்களில் வாழும் பட்டியல் சாதியாருள் 2004-05ஆம் ஆண்டில் நூற்றுக்கு 53.5 பேர் வறியராயிருந்தனர். 2011-12இல் அத்தொகை 31.5 ஆகத் தாழ்ந்தது. மகிழ்தற்குரிய செய்தியே. எனினும், அவ்வாண்டிற் கிராமத்தார் அனைவருள்ளும் வறியர் நூற்றுக்கு 25.7 பேரே. இவ்வேறுபாடு நீங்காமைக்குக் காரணம் யாது? செலவை மட்டும் நோக்குவார்க்கு இது புலனாகாது. உடைமையையும் நோக்குதல் வேண்டும். கிராமத்தில் உடைமையென முதற்கண் எண்ணப்படுவது நிலமே. அந்நிலம் நம் மாகாணத்தில் இவர்களுக்கு எங்ஙனம் எட்டாதாயிற்று என்பதைச் செங்கற்பட்டு ஜில்லாவின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வாம்.

1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டத்தால் அடிமைமுறைக்கிருந்த சட்டவலிமை நீங்கிற்று. ஆயினும் படியாள் படியாளாகவே இருந்தான். தந்தை வாங்கிய கடன் மைந்தன் தலைமேல் இறங்கிற்று. அவன் குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையதே யாதலின், கூலி போதாதென வாய் திறப்பின் குடியெழுப்பப்படுவான். தரிசையேனும் திருத்தி உழுதுண்போமென்று தர்க்காஸ்து கொடுப்பின், அத்தரிசின்மேல் முதலுரிமை மிராசுதாருக்கே என்னும் விதி குறுக்கே நின்றது. தலைமுறை தலைமுறையாக அவர் வேண்டாது விட்ட நிலமும், சேரியிலிருந்து ஒருவன் கேட்ட அன்றே அவருக்கு இன்றியமையாததாயிற்று!

இந்நிலையை எடுத்துரைத்தவருள் ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி என்னும் பாதிரிமார் இருவர் குறிப்பிடத்தக்கவர். மதம் புகுவோர் தொகையைப் பெருக்கவே இவர்கள் நிலங் கேட்கின்றனர் என்ற குறையும் அக்காலத்தே கூறப்பட்டது. அதனை மறுத்து வாதாடுதல் ஈண்டு வேண்டா. கேட்டது நியாயமா என்பதொன்றே நமக்கு வினா. ஜில்லா கலெக்டராயிருந்த திரமென்ஹீர் துரை அதனை நியாயமெனக் கண்டு, 1891இல் விரிவான அறிக்கையொன்று எழுதினார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் 1010ஆம் எண் அரசாணை பிறந்தது. பஞ்சமர் எனப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டமையின் அந்நிலம் பஞ்சமி நிலம் எனப்பெயர் பெற்றது. மாகாணம் முழுவதும் சுமார் 12 இலட்சம் ஏக்கர் அளிக்கப்பட்டதெனக் கூறுவர். முதற் பத்தாண்டுகளில் அதனை விற்றலாகாது. பின்னரும் அவ்வகுப்பாருக்கேயன்றிப் பிறர்க்கு உரிமை மாற்றலாகாது. இவை அதன் நிபந்தனைகள்.

நிபந்தனை நன்றே. ஆனால் நிலத்தோடு கிணறும், ஏர்மாடும், விதைமுதலும் கொடுத்தாரில்லை. மழையை நம்பிய தரிசு ஓராண்டு பொய்த்தால் உழவன் எவரிடம் செல்வான்? முன்னர் எவரிடம் படியாளாயிருந்தானோ அவரிடமே சென்றான். விற்பனை விலக்கப்பட்டிருந்தமையின் அடைமானமாகவும், குத்தகையாகவும், பிறர் பெயராலும் நிலம் கைமாறிற்று. பத்திரம் பதிவு செய்தோர் பழைய நிபந்தனையைப் புரட்டிப் பார்க்கவில்லை. பார்த்தோரும் பாராதார்போல் இருந்தனர். நூறாண்டு கழிந்தபின், 1994 அக்டோபரில், காரணை என்னும் ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கச் செங்கற்பட்டிற் கூடியோர்மீது போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். காகிதத்தில் என்றும் தங்களுடையதாகவே இருந்த நிலத்தைக் கேட்டு உயிர் கொடுத்தவர் அவர்.

2011ஆம் ஆண்டு ஜனக்கணக்குப்படி நாட்டில் நூற்றுக்கு 16.6 பேர் பட்டியல் சாதியார். 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கின்படி அவர்தம் சாகுபடியிலிருந்த நிலமோ நூற்றுக்கு ஒன்பது பங்கும் நிரம்பவில்லை. ஆகவே, முற்கூறிய ஏழாண்டுகளில் அவர்தம் வறுமை தணிந்தது பெரும்பாலும் கூலியால் என்க. கட்டட வேலைக்கும் நகரத் தொழிலுக்கும் பெயர்ந்தமையாலும், 2005ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த நூறு நாள் வேலையாலும் கைக்குக் காசு வந்தது. மிராசுதாரின் களத்தை நோக்கி நிற்கும் நிலையும் தளர்ந்தது. இதனை எளிதாக எண்ணலாகாது. ஆனால் கூலி, உடல் ஓய்ந்த அன்றே ஓயும். காணி நிலமுடையான் நோயுற்றால் பட்டாவை ஈடு வைத்துப் பொருள் பெறுவான். அஃதில்லாதவன் வரப்போகும் கூலியையே ஈடு வைத்து முன்பணம் வாங்குகின்றான். செங்கற்சூளைக்கும் அரிசி ஆலைக்கும் குடும்பத்தோடு சென்று கடனுக்கு உழைப்போர் பலர் இவ்வழிச் சென்றவரே. அம்முன்பணத்தை அவர்கள் செலவிட்ட திங்களில் கணக்கெடுப்பார் வருவராயின், வறுமைக் கோட்டுக்கு மேலுள்ளோர் பட்டியலில் அவர்களும் எழுதப்பட்டிருப்பர்.